குடும்பத்தோடு பார்க்கலாம்

புதுப்படம் வெளியான மறுநாளே நண்பர்களிடம் ஒரு கேள்வி வந்துவிடும்: 'குடும்பத்தோடு பார்க்கலாமா?' 'தாராளமாக, தப்பாக ஒன்றும் இல்லை' என்ற பதில் கிடைத்தால் ஏழு வயதுப் பிள்ளையும் இரவுக்காட்சிக்குக் கிளம்பிவிடும். அந்த 'ஒன்றும்' என்பதன் பொருள் முத்தக்காட்சி இல்லை என்பது மட்டுமே. கொலைகளை எவரும் எண்ணுவதில்லை.

'விக்ரம்' (2022) படத்தில் அமரின் மனைவி தலை துண்டிக்கப்பட்டுச் சாகிறாள். தணிக்கைச் சான்றிதழ், யு/ஏ. அரங்கில் எனக்கு முன்வரிசையில் ஒரு சிறுமி முகத்தைப் பொத்திக்கொண்டாள். 'படம்தானே, பாரு' என்று அவள் கையை விலக்கினார் தகப்பனார். இதே மனிதர்கள்தாம் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தை ஆபாசம் என்று ஒதுக்கியவர்கள். அதற்கு 'ஏ' கொடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெண்ணாகத் திரும்பி வந்த தகப்பனை ராசுக்குட்டி எந்தக் கூச்சமும் இன்றி ஏற்றுக்கொள்ளும் காட்சிகளில் ஆபாசம் எங்கே இருக்கிறது?

2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் யு/ஏவை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்தது. இருந்தும் அது பெற்றோருக்கான அறிவுரைதான். வாசலில் எவரும் தடுக்கமாட்டார்கள். 2025இல் 'கூலி'க்கு 'ஏ' கிடைத்தபோதோ, அதை மாற்றக் கோரித் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 'பிள்ளைகளோடு தலைவர் படம் பார்க்க முடியவில்லையே' என்று என்னிடம் அங்கலாய்த்தவர்கள் பலர். படத்தில் அத்தனை இரத்தம் எதற்கு என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.