செதில் வரையறேன்னு வலை பின்னாதீங்க

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. ஆபீஸ்ல ஆணி அதிகம். 'இந்த ஒரு ரிலீஸ் மட்டும் முடியட்டும்'னு சொல்லிச் சொல்லியே டேமேஜர் நாலு ரிலீஸ் ஓட்டிட்டார். நடுவுல கிடைச்ச ஞாயித்துக்கிழமைகள்ல நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை, ஒரு கட்டுவிரியனை ரெண்டாவது தடவை வரைஞ்சதுதான். முதல் தடவை வரைஞ்சது எப்பேர்ப்பட்ட சொதப்பல்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

பழைய பதிவுகளைப் படிச்சவங்களுக்குத் தெரியும், எனக்கு ஊர்வனன்னா ஒரு கிறுக்கு. ஓணான், அரணை, உடும்பு, பாம்புன்னு நோட்டு நோட்டா வரைஞ்சு வெச்சிருக்கேன். எல்லாம் பென்சில், கலர் பென்சில், கொஞ்சம் வாட்டர்கலர். டேப்லெட்ல வரையலாமேன்னு கேப்பீங்க. பகல் பூரா மானிட்டரை முறைச்சுட்டு வந்து ராத்திரியும் ஸ்க்ரீனா? ஆளை விடுங்க சாமி.

மூணு வருஷம் முன்னாடி சித்தப்பா கூப்பிட்டார். செங்கல்பட்டுப் பக்கம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் அவர். "நீதான் பாம்பு பல்லின்னு வரைஞ்சுகிட்டே இருக்கியே, எங்க பசங்களுக்கு நாலு விஷப்பாம்பையும் சார்ட்டுல போட்டுக் குடுடா"ன்னார். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். நானும் நாலு வாரம் உக்காந்து போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு செதிலுக்கும் ஷேடிங், ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி. சொந்தக்காரங்க எல்லாரும் 'அச்சு அசல்'னு சொன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ பள்ளிக்கூடத்து வேலிப்பக்கம் புதர் வெட்ட ஒரு இருளர் பெரியவர் வந்திருந்தார். வயல்ல எலி பிடிக்கிறதுதான் அவரோட வழக்கமான தொழில். தண்ணி குடிக்க வந்தவர் சார்ட் முன்னாடி நின்னுட்டார். சித்தப்பா பெருமையா "இவன்தான் வரைஞ்சது"ன்னு என்னைக் காட்டினார். அவர் கட்டுவிரியன் மேல விரலை வெச்சு, "தம்பி, இது என்ன பாம்பு?"ன்னார்.

"கட்டுவிரியன்."

"கட்டுவிரியனுக்கு நடுமுதுவுல ஒரு வரிசை பெருசா இருக்குமே, எங்க? எல்லாத்தையும் ஒரே அளவுல போட்டிருக்க. பட்டையும் கழுத்துலேந்தே கிளம்புது. இது சுவத்துல ஏறுமே, அந்தப் பாம்பு. அது கடிச்சா ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்னது ஓநாய்ப் பாம்பை. வெள்ளிக்கோல் வரையன்னும் சொல்வாங்க. நான் மூணு வருஷமா பசங்களுக்கு ஒரு விஷமில்லாத பாம்பைக் காட்டி 'இதுதான் கட்டுவிரியன்'னு சொல்லிட்டு இருந்திருக்கேன்.

இதுல ரொம்பக் கேவலமான விஷயம் என்னன்னா, நான் பார்த்து வரைஞ்ச போட்டோ சரியான கட்டுவிரியன் போட்டோதான். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். முதுகு உச்சியில அறுகோணமா ஒரு வரிசை, பக்கத்துச் செதிலை விட நல்லாப் பெருசா, பளிச்சுன்னு தெரியுது. போட்டோவுல இருந்துச்சு, என் கண்ணுலயும் பட்டிருக்கும். கை மட்டும் அதுபாட்டுக்குக் குறுக்கும் நெடுக்கும் சாய்கோடு போட்டு வலை பின்னிடுச்சு.

அந்த வலையைத்தான் இன்னிக்கு வம்புக்கு இழுக்கப்போறேன். இணையத்துல செதில் வரையச் சொல்லித்தர்ற பாடங்கள்ல பாதி இப்படித்தான் இருக்கு. இந்தப் பக்கம் சாய்கோடு, அந்தப் பக்கம் சாய்கோடு, நடுவுல வர்ற டைமண்ட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓரம் இருட்டு, ஒரு ஓரம் வெளிச்சம். முடிஞ்சது. பாக்க அசத்தலா இருக்கும். ஆனா அது எந்தப் பிராணியும் இல்ல. நம்ம பாஷையில சொன்னா எங்கேருந்தோ காப்பி பேஸ்ட் பண்ணின கோடு. கம்பைல் ஆகும், டெமோவுல கைதட்டு வாங்கும், என்ன செய்யுதுன்னு எழுதினவனுக்கே தெரியாது.

செதில்ங்கிறது தோல் மேல ஒட்டின சில்லு இல்ல, தோலே மடிஞ்சு தடிச்சது. பாம்புக்கும் பெரும்பாலான பல்லி வகைகளுக்கும் ஒண்ணு மேல ஒண்ணு பின்னோக்கி ஓடு வேய்ஞ்ச மாதிரி ஏறியிருக்கும். முதலைக்கு அப்படி ஏறாது, பக்கத்துப் பக்கத்துல பலகை அடுக்கின மாதிரி. முதலையோட முகத்துல இருக்கிறது இன்னும் வினோதம். அது சேறு காய்ஞ்சு வெடிக்கிற மாதிரி, வளரும்போது தோல் விரிசல் விட்டு வர்ற கட்டங்கள்னு 2013ல ஜெனிவா ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க; ஆனா அது விரிசல் இல்ல, வளரும்போது தோல் நெருக்கி மடிஞ்சு வர்றதுன்னு 2024ல அவங்களே திருத்திக்கிட்டாங்க. அதனாலதான் முதலை மூஞ்சியில இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அதுக்கும் வலை, பாம்புக்கும் வலைன்னா எப்படி?

நம்ம ஊர்ப் பாம்புகளையே எடுத்துக்கங்க. நல்ல பாம்புக்குச் செதில் வழவழன்னு இருக்கும், தலையில பெரிய பெரிய தகடு. கண்ணாடி விரியனுக்குத் தலை பூராவும் பொடிச் செதில்தான், உடம்புல ஒவ்வொரு செதிலுக்கும் நடுவுல ஒரு முகடு ஓடும். சுருட்டை விரியனுக்குப் பக்கவாட்டுச் செதில் சாய்வா, ரம்பப் பல் மாதிரி. அதை ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் அந்த 'சர்ர்' சத்தம் போடுது. கட்டுவிரியனுக்கு நடு உடம்புல 15 வரிசை, ஓநாய்ப் பாம்புக்கு 17. வால் அடியில கட்டுவிரியனுக்குத் தகடு ஒத்தையா இருக்கும், ஓநாய்ப் பாம்புக்கு ரெண்டாப் பிளந்திருக்கும். பட்டையும் தலைகீழ்தான். வளர்ந்த கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் மங்கி, வாலை நோக்கித் தெளிவாகும். ஓநாய்ப் பாம்புக்கு முன்னாடி தெளிவு, வால் பக்கம் மங்கல். ஆனா குட்டிக் கட்டுவிரியனுக்குப் பட்டை முன்னாடியே ஆரம்பிக்கலாம். அதனால பட்டை ஏமாத்தும், அந்த நடுவரிசை ஏமாத்தாது.

(உடனே யாரும் டார்ச் எடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள வந்த பாம்போட செதிலை எண்ணக் கிளம்பிடாதீங்க. அது படம் வரையறவன் போட்டோவுல பார்க்க வேண்டிய வேலை. கடிச்சா எந்தப் பாம்புன்னு ஆராயாம நேரா ஆஸ்பத்திரி.)

"ஒரு சார்ட்டுக்கு இவ்ளோ அலட்டலா?"ன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். 2000லேருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால செத்தவங்க கிட்டத்தட்ட 12 லட்சம் பேர்னு 2020ல வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. வருஷத்துக்குச் சராசரியா 58,000. கட்டுவிரியன் ராத்திரியில, தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும். பெரிசா வலி இருக்காது, கடிச்சதே தெரியாமப் போகும். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் கழுத்துப் பக்கம் பட்டை இல்லாத ஒரு கருப்புப் பாம்பைப் பார்த்து, 'சார்ட்டுல இருக்கிறது மாதிரி இல்லையே, இது அது இல்ல'ன்னு நினைச்சிருந்தா? அப்படி எதுவும் நடக்கல. நடக்காததுக்கு நான் காரணமில்ல, அவ்ளோதான்.

அழகா இருக்கிற தப்புப் படம் சீக்கிரம் சாகாது. ஆல்பிரெக்ட் டூரர்னு ஜெர்மன் ஓவியர். 1515ல லிஸ்பனுக்கு வந்திறங்கிய இந்தியக் காண்டாமிருகத்தை நேர்ல பார்க்காமலே, கடிதத்தையும் யாரோ போட்ட ஸ்கெட்சையும் வெச்சு மரச்செதுக்குப் படம் போட்டார். காலெல்லாம் செதில், முதுகுல கூடுதலா ஒரு குட்டிக் கொம்பு! ஐரோப்பாவுல 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் காண்டாமிருகம்னா அதுதான். டூரர் மாதிரி வரைய நமக்கு ஏழு ஜென்மம் ஆகும். ஆனா டூரர் மாதிரி தப்புப் பண்ண நாலு வாரம் போதும்னு நிரூபிச்சுட்டேன்ல :-)

இதுக்கு நேர் எதிர் பாட்ரிக் ரஸ்ஸல். கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர், விசாகப்பட்டினத்துல இருந்தவர். சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பத்தி 1796ல பெரிய புத்தகம் போட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்துல அவர் பேர்தான். லின்னேயஸ் வழக்கப்படி ஒவ்வொரு பாம்புக்கும் வயித்துத் தகடு எத்தனை, வால் அடியில எத்தனைன்னு எண்ணி எழுதி வெச்சிருப்பார். 1872ல ஜோசப் ஃபேரர் போட்ட இந்திய விஷப்பாம்புப் புத்தகத்துக்குக் கல்கத்தா ஓவியப் பள்ளி மாணவர்கள் வண்ணப் படம் போட்டாங்க. அவங்களும் பாம்பை முன்னாடி வெச்சுப் பார்த்து வரைஞ்சவங்கதான். கேமரா இருக்கிற நமக்குத்தான் பார்க்கிற பழக்கம் விட்டுப்போச்சு.

பொங்கல் முடிஞ்சு ஒரு சனிக்கிழமை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனேன். அங்கதான் 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவங்க. பாம்பைப் பானையில வெச்சிருந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விடும்போது வயித்துச் செதில்ல லேசா ஒரு நறுக்கு. அதையே மறுபடி பிடிச்சுடக் கூடாதுன்னு அடையாளம். அவங்களுக்குச் செதில் ரெஜிஸ்டர் மாதிரி. நமக்கு டிசைன்!

சரி, இப்போ நான் எப்படி வரையறேன். முதல்ல செதிலே கிடையாது. உடம்பை ஒரு குழாயா நினைச்சு வெளிச்சம், நிழல் மட்டும் போட்டு முடிச்சுடறேன். அப்புறம் நடுமுதுகுக் கோடு. அதுக்கு ரெண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி உடம்போடவே வளைஞ்சு போற கோடுகள், கட்டுவிரியன்னா பக்கத்துக்கு ஏழு. குழாயோட ஓரத்துக்குப் போகப் போக இடைவெளி குறுகணும். உடம்பு வளையற இடத்துல உள்பக்கம் செதில் நெருக்கியடிக்கும், வெளிப்பக்கம் விலகி நடுவுல தோல் தெரியும். இந்த ஒண்ணைச் சரியாப் போட்டாலே பாம்பு நெளிய ஆரம்பிச்சுடும். எல்லாச் செதிலையும் வரைய வேண்டாம்ங்கிறதையும் இப்போதான் கத்துக்கிட்டேன். பளிச்சுன்னு வெளிச்சம் விழற இடத்துலயும் அடி நிழல்லயும் செதில் கரைஞ்சு போகும், நடுவுல ரெண்டும் சந்திக்கிற இடத்துலதான் தெளிவாத் தெரியும். செதிலுக்குச் செதில் வெள்ளைப் புள்ளி வெச்சா அது பாம்பு இல்ல, ஜிகினா.

முகடு இருக்கிற செதிலுக்கு (விரியன், ஓணான்) ஒரு குறுக்கு வழி. ரீஃபில் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால முகட்டுக் கோட்டை முதல்லயே பேப்பர்ல அழுத்திடுங்க. மேல பென்சில் ஓட்டினா அந்தப் பள்ளத்துல கலர் ஏறாது, வெள்ளையா நிக்கும். ரப்பர் வெச்சுச் சுரண்டறதை விட நூறு மடங்கு சுத்தம்.

கலர்ல ஒரே ஒரு சண்டை: பச்சைக்குப் பச்சைப் பென்சிலை எடுக்காதீங்க, கருப்புக்குக் கருப்பை எடுக்காதீங்க. நிறைய ஊர்வனவற்றோட பச்சை, மேல மஞ்சள் நிறமியும் அடியில ஒளியைச் சிதறடிச்சு நீலம் காட்டுற அடுக்கும் சேர்ந்து வர்றது. வட அமெரிக்காவுல ஒரு பச்சைப் பாம்பு, செத்ததும் மஞ்சள் போய் நீலமாயிடும். பேப்பர்லயும் மஞ்சள் ஒரு பூச்சு, மேல நீலம்னு ஏத்திப் பாருங்க, பச்சைப் பாம்பு உயிரோட வரும். கட்டுவிரியனுக்கு இண்டிகோ, மேல அடர் பழுப்பு, மறுபடி இண்டிகோ. கருப்பு கடைசியில, செதில் மடிப்புல மட்டும். வெள்ளைப் பட்டையை ஸ்கேல் வெச்சு இழுக்கக் கூடாது, செதில் செதிலா ஏறி இறங்கணும், பழைய வீடியோ கேம் பிக்ஸல் மாதிரி.

பிக்ஸல்னதும் ஞாபகம் வருது. தென்மேற்கு ஐரோப்பாவுல ஒரு பல்லி இருக்கு. குட்டியில பழுப்பு, வளர வளர ஒவ்வொரு செதிலும் தனித்தனியா பச்சையாவோ கருப்பாவோ மாறிக்கிட்டே இருக்கும். பக்கத்துச் செதில்களோட கலரைப் பொறுத்துத்தான் ஒரு செதில் மாறுது, அதாவது செல்லுலார் ஆட்டோமேட்டான்னு 2017ல அதே ஜெனிவா ஆட்கள் நேச்சர் இதழ்ல எழுதினாங்க. காலேஜ்ல கான்வேயோட லைஃப் கேமை ப்ரோக்ராம் எழுதிட்டு மறந்துபோனவன் நான். அது ஒரு பல்லி முதுகுல ஓடுதுன்னு படிச்சப்போ அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

"கலைன்னா உணர்வு, கணக்கு பார்த்தா வருமா"ன்னு ஒரு கோஷ்டி வரும். தாராளமா டிராகன் வரைங்க, அதுக்கு எத்தனை வரிசை வேணாலும் வைங்க, நானும் வந்து 'சூப்பர்'னு பின்னூட்டம் போடறேன். கீழ ஒரு உண்மையான பாம்போட பேரை எழுதிட்டீங்கன்னா அப்புறம் எண்ணித்தான் ஆகணும்.

போன வாரம் புதுப் படத்தோட ஊருக்குப் போனேன். பழைய சார்ட்டைக் கழட்டிட்டு இதை மாட்டினோம். பசங்க கிட்ட 'பழைய படம் தப்பு, நான்தான் தப்பா வரைஞ்சேன்'னு ரெண்டு வகுப்புலயும் நின்னு சொன்னேன். ஆன்சைட் கால்ல கூட அவ்ளோ வேர்த்ததில்ல. சாயங்காலம் பெரியவரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். நடுமுதுகு வரிசை மேல விரலை வெச்சு வால் வரைக்கும் ஓட்டினார்.

"இப்ப இது அது"ன்னார். அப்புறம் தலைப்பக்கம் குனிஞ்சு, "கண்ணுல வெள்ளைப் புள்ளி பெருசா வெச்சிட்ட. அதுக்குக் கண்ணே தெரியாது, கருப்போட கருப்பா இருக்கும்."

வர்ற ஞாயித்துக்கிழமை அதைச் சரி பண்ணணும்.

பி.கு: என்ன பென்சில்னு கேக்கப் போறவங்களுக்கு: சாதாரண 24 கலர் கேம்லின் டப்பாதான். இண்டிகோ மட்டும் தனியா வாங்கினேன், பாதி தீர்ந்துபோச்சு.