வேலியில் முடக்கறுத்தான், வீட்டில் வாதத் தைலம்!

முழங்கால் நோகிறதென்று கடைக்கு ஓடுகிறான் தமிழன். பளபளக்கும் குப்பியில் ‘வாதத் தைலம்’ வாங்கி வருகிறான். அவன் வேலியிலேயே ஒரு கொடி படர்ந்து, காற்றடைத்த சிறு பைகளைப்போல் காய்த்துத் தொங்குகிறது. ‘மொடக்கத்தான்’ என்கிறான், பொருள் கேட்டால் விழிக்கிறான்!

முடக்கு அறுத்தான், முடக்கறுத்தான். கைகால்களை முடக்கும் நோயை அறுப்பது என்பதே பொருள். 1753-இல் சுவீடன் நாட்டு இலின்னேயசு இக்கொடிக்குப் பெயரிட்டபோது, கரிய விதைமேல் வெண்மையாய்த் தெரியும் நெஞ்சக வடிவைக் கண்டு, ‘நெஞ்சக விதை’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். அவர் கண்டது விதையின் புள்ளியை. தமிழன் கண்டதோ இலையின் வினையை! அவ்வினையைச் சொல்லும் பெயரையே இன்று தமிழன் சிதைத்துவிட்டான்.

இன்னொரு மரத்தின் கதை இதனினும் இழிவு. வாதமடக்கி என்னும் பெயர் அதற்கு உண்டு. வாதம் வடசொல்லே, வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வளி என்றுதான் சொன்னார். ஆயினும் ‘மடக்கி’யேனும் மரத்தின் பயனைச் சொல்லிற்று. பெருவழக்கில் அது வாதநாராயணன்! நாராயணன் வந்தமர்ந்தான், மடக்கும் வினை மறைந்தது.

பயன்படுத்தும் முறையோ எளிது. முடக்கறுத்தான் இலையை அரைத்துத் தோசை மாவில் கலப்பர். மிளகு சேர்த்துச் சாறு வைப்பர். மிகுதியாய் உண்டால் வயிறு கழியும். நொச்சியிலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுப்பதும் பாட்டிமார் கைவந்த மருத்துவம்.

ஆனால், தமிழ் மருந்தின் பெயரால் நடக்கும் ஏய்ப்பும் கண்டிக்கத்தக்கதே. ‘ஒரே கிழமையில் மூட்டுவலி ஒழியும்’ என முழங்குவோர் வணிகர், மருத்துவர் அல்லர். தேய்ந்த குருத்தெலும்பைப் பச்சிலை மீண்டும் வளர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அதனிடம் எதிர்பார்க்கத் தக்கது வலித்தணிவே. மூட்டு சிவந்து, சூடேறி, வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். முடக்குநோயில் காலந்தாழ்த்தினால் மூட்டே உருக்குலையும். இதை மறைப்பவன் தமிழுக்கும் பகைவன், தமிழர்க்கும் பகைவன்.

விலங்குகளிடை நடந்த ஆய்வுகளில் முடக்கறுத்தான் வீக்கத்தைத் தணித்துள்ளது. மாந்தரிடை விரிந்த ஆய்வு வேண்டும். அதை எவர் செய்வது? பாளையங்கோட்டையில் 1964-இலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றிவிட்டது. ஆய்வைத் தமிழ்நாட்டரசு அங்கிருந்து தொடங்கட்டும். முடிவைத் தமிழில் வெளியிடட்டும். மருந்துச் சீட்டிலும் முடக்கறுத்தான் என்றே பிழையற எழுதச் செய்யட்டும்!