தவணைக் காரும் கல்லாப்பெட்டியும்

பணம் கையில் இருந்தும் கார் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை நம் மூத்த வணிகர்கள் அறிவார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-க்குப் பிறகு புதுப்புதுக் கம்பெனிகள் வந்தன. இப்போதோ பணம் கையில் இல்லாமலே கார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. டீலரின் ஷோரூமிலேயே பைனான்ஸ் கம்பெனியின் ஆள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு நகல், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது.

காருக்கு மாலை போட்டு, பழமலைநாதர் சந்நிதியில் பூசை போட்டு, வீட்டார் மகிழ்ந்திருக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது தவணை வரும்போதுதான் மனதில் கணக்கு ஓடத் தொடங்குகிறது. "அவசரப்பட்டு விட்டோமோ?" என்ற பேச்சு நம் கடைவீதியில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. வணிகர்கள் கார் வாங்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. நள்ளிரவில் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும், நல்லது கெட்டதற்குப் போய்வரவும் கார் தேவைதான். சரக்குக் கொள்முதலில் பத்து பைசாவுக்குப் பேரம் பேசும் நாம், காரின் கடனுக்குப் பேரம் பேசாமல் கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் நம் கவலை.

நம் கணக்கில் இது எத்தனை ரூபாய் வட்டி?

ஒரு மளிகை வணிகர் ரூ. 8 லட்சம் பெறுமான காருக்கு ரூ. 2 லட்சம் முன்பணம் கட்டி, மீதி ரூ. 6 லட்சத்தை 5 ஆண்டுத் தவணையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வட்டி வெறும் 8 சதவீதம்தான், அண்ணாச்சி" என்கிறார் பைனான்ஸ் ஆள். ஆண்டுக்கு ரூ. 48,000 வீதம் 5 ஆண்டுக்கு வட்டி ரூ. 2,40,000. அசலும் வட்டியும் சேர்த்து ரூ. 8,40,000. 60 மாதத்திற்குப் பிரித்தால் மாதம் ரூ. 14,000.

கணக்கு சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் இது பிளாட் ரேட். அதாவது, மாதாமாதம் அசலில் ஒரு பகுதியை நாம் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு ரூ. 6 லட்சத்திற்கும் வட்டி போடுகிறார்கள். நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இதே கடன் ஆண்டுக்கு 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் பேச்சுவழக்கில் சொன்னால், நூற்றுக்கு 67 பைசா வட்டி என்று நினைத்து வாங்கியது உண்மையில் 1 ரூபாய் 18 பைசா வட்டி. கைமாற்று வாங்கும்போது "எத்தனை ரூபாய் வட்டி?" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும் கேள்வி. ஏ.சி. போட்ட ஷோரூமுக்குள் போனதும் அந்தக் கேள்வியை நாம் மறந்துவிடலாமா?

இந்தத் தவணையைக் கடையின் கணக்கிலும் பார்க்க வேண்டும். மாதம் ரூ. 14,000 என்றால் நாளொன்றுக்கு ரூ. 467. எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கும் கடையில், தவணைக்கு மட்டுமே தினமும் ரூ. 9,300-க்கு மேல் வியாபாரம் நடந்தாக வேண்டும். பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் இதற்கு மேல்.

"கடன் வாங்கிக் கார் எடுத்தால் நம் முதல் கடையில் புரளுமே" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த முதல் கடையில் மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் 18 பைசாவுக்கு மேல் நிகரமாக ஈட்டித் தந்தால் கடன் வாங்குவது கெட்டிக்காரத்தனமே. ஆனால் அதைப் பேரேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மனக்கணக்கில் சொல்லக் கூடாது. தவணை கட்ட மொத்த வியாபாரியின் பாக்கியைத் தள்ளிப்போடத் தொடங்கினால், முதல் கடையில் புரளவில்லை, காரில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

பாதியில் முடித்தால் என்ன மிச்சம்?

மனம் மாறியவர்கள் முதலில் நினைப்பது, "கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாமே" என்பதுதான். மேலே சொன்ன கடனில் 24 தவணை கட்டி முடித்தவர் ரூ. 3,36,000 கட்டியிருப்பார். ஐந்தில் இரண்டு பங்கு காலம் போய்விட்டதால் அசலில் ரூ. 3,60,000தான் பாக்கி என்று அவர் நினைப்பார். கம்பெனியின் கணக்கிலோ பாக்கி ஏறத்தாழ ரூ. 4,09,000 நிற்கும். முதல் தவணைகளில் வட்டியின் பங்கே அதிகம். மொத்த வட்டி ரூ. 2,40,000-ல் ரூ. 1,45,000 இந்த இரண்டு ஆண்டிலேயே போய்விடுகிறது. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுவும் சேரும். ஆகவே அடைப்பதானால் முதல் ஆண்டிலேயே அடைப்பது லாபம். நான்காம் ஆண்டில் அடைத்து மிச்சமாவது சொற்பம்.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்பதும் தவறான எண்ணம். டெலிவரி எடுத்த புதுக் காரை, பழுது எதுவும் இல்லாமல், மனம் மாறியது என்பதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்கும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பைனான்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தால் அவர்கள் ஏலம் விடுவார்கள். ஏலத்தொகை பாக்கிக்குக் குறைந்தால் குறைந்ததையும் நம்மிடமே கேட்பார்கள். அதைவிட, கம்பெனியின் ஒப்புதலோடு நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை முடிப்பது மேல். வேறு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடனை மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் விசாரிக்கலாம். எப்படி முடித்தாலும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் கடன் குறிப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்கிய பிறகே கார் முழுதும் நம்முடையது.

தவணை தவறினால்

தவணை வாங்கும் வழக்கம் எவ்வளவு பழையதோ, வண்டி பறிபோகும் அச்சமும் அவ்வளவு பழையது. வாங்குபவரைக் காக்க 1972-ல் வாடகைக் கொள்முதல் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2005-ல் நீக்கப்பட்டது. ஆகவே இன்று பெரும்பாலும் நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தமே நம்மை ஆள்கிறது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை வரை வண்டிக்கு உரிமையாளர் பைனான்ஸ் கம்பெனியே என்று 2020-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2007-ல், அடியாட்களை வைத்துக் கடன் வசூலிப்பதை வன்மையாகக் கண்டித்திருக்கிறது. 2022-ல் ஜார்கண்ட் மாநிலம் ஹசாரிபாகில் டிராக்டரைப் பறிக்க வந்த இடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். அதன்பின் அந்தக் கம்பெனி வெளியாட்கள் மூலம் வசூல் செய்வதையே ரிசர்வ் வங்கி சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஆட்கள் தொலைபேசியில் தொல்லை செய்யக் கூடாது என்பதும் அதே ஆண்டில் வந்த உத்தரவுதான்.

ஜாமீன் கையெழுத்துப் போடும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துக் கடைக்காரர் கேட்டால் மறுக்க நமக்கு மனம் வராது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் கிரிமினல் வழக்கு வரும். தவணை தவறியது கடன் வரலாற்றில் ஏறினால், நாளைக்குக் கடைக்கு ஓ.டி. கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

கையெழுத்துக்கு முன்

நம் ஊர் பீங்கான் தொழிலாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பச்சை மண்ணாக இருக்கும்போதுதான் வடிவத்தைத் திருத்த முடியும், சூளையில் வெந்த பிறகு முடியாது. கடன் ஒப்பந்தமும் அப்படித்தான்.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி வீதமும், தவணைவாரியாக அசல், வட்டி அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். படித்துப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலைநாள் அவகாசமும் உண்டு. அதில் சொல்லாத கட்டணத்தை நம் சம்மதமின்றிப் பின்னால் வாங்க முடியாது. "தமிழில் கொடுங்கள், மூன்று நாள் கழித்து வருகிறேன்" என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. "இன்றைக்கே எடுத்தால்தான் தள்ளுபடி" என்பவரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கடன் பிடித்துக் கொடுப்பதில் டீலருக்கும் கமிஷன் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. இன்சூரன்சையும் அவரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வரி விஷயத்தையும் ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கடை வரியில் கழிக்க முடியாது. குட்டி யானை போன்ற சரக்கு வண்டி என்றால், வரி விலக்குள்ள சரக்குகளின் பங்கு போகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இரண்டுமே இல்லை. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாக வருமான வரி கட்டுகிறவர்கள் கார் வட்டியையும் தேய்மானத்தையும் தனியாகக் கழிக்க முடியாது. "கடைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்" என்ற ஷோரூம் ஆலோசனையை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். கடைக்கு உதவும் வண்டியா, வீட்டுக்கு உதவும் வண்டியா என்பதை முதலில் முடிவு செய்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒப்பந்தத்திற்கு மாறாக வசூலித்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. எதற்கும் ரசீதும் ஒப்பந்த நகலும் கையில் இருக்க வேண்டும்.

நம் சங்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உறுப்பினர் யாரேனும் வண்டிக் கடனுக்குக் கையெழுத்திடும் முன் அந்தக் காகிதங்களைச் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டட்டும். கணக்கு அறிந்த இரண்டு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துச் சொல்லலாம். ஒரே சமயத்தில் நான்கைந்து பேர் வண்டி எடுப்பதாக இருந்தால் வங்கியிடம் சேர்ந்தே வட்டி பேசலாம். சர்க்கரை மூட்டைக்குச் சேர்ந்து பேசத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல.

கல்லாப்பெட்டியில் இருப்பதெல்லாம் லாபமல்ல. அதில் மொத்த வியாபாரியின் பணமும் இருக்கிறது, அரசின் வரியும் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்து, மிஞ்சியதில் தவணை கட்ட முடியும் என்று தெரிந்த பிறகு கார் வாங்குவோம். வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.