காலாவதியான ஆற்றுப்படை

காரோடு பொருத்தப்பட்டு வரும் வழிகாட்டிக் கருவியின் வரைபடத்தைக் காசு கொடுத்துப் புதுப்பிக்கலாமா கூடாதா என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு வாரமாக வழக்கு நடந்தது. பொருளியல் நண்பர், "வீண் செலவு, கையில் போன் இருக்கிறதே" என்றார். இயற்பியல் நண்பர், "விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பேணத்தான் வேண்டும்" என்றார். இருவரும் தவறான கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி. சாலைகள் மாறும், ஆகவே வரைபடம் பழசாகும். அதில் யாரையும் நோவதற்கில்லை. அந்தப் பழமையை ஒரு சரக்காக்கி நம்மிடமே விற்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஐப்பசியில் என் தந்தையாரோடு ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தேன். கார் பழைய கார். முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கியது. கும்பகோணத்துக்கு வடக்கே அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. கைபேசியில் அலைவரிசை விட்டுவிட்டு வந்தது. காரின் திரையில் 'அருகிலுள்ள மருத்துவமனை' என்று தட்டினேன். ஆறு கிலோமீட்டரில் ஒன்று இருப்பதாகக் காட்டியது. புதிய புறவழிச்சாலையில் ஏறியதும் அம்புக்குறி சாலையே இல்லாத வெற்றுப் பரப்பில் மிதக்கத் தொடங்கிற்று. "இயன்றால் திரும்பிச் செல்லவும்" என்று அந்தப் பெண்குரல் ஆங்கிலத்தில் ஓயாமல் மன்றாடியது. ஒருவாறு போய்ச் சேர்ந்தால், பூட்டிய இரும்புக் கதவும் அதன் முன் மார்பளவு வளர்ந்த எருக்கஞ்செடியும். மருத்துவமனை மூடி எட்டு ஆண்டுகள் ஆயின என்று எதிரிலிருந்த தேநீர்க் கடைக்காரர் சொன்னார். நிலைமையைப் பார்த்தவர் அடுப்பை அணைத்துவிட்டு, "பின்னாலயே வாங்க சார்" என்று தம் வண்டியை எடுத்தார். அரைமணி நேரத்தை இழந்திருந்தோம். அப்பா பிழைத்துக்கொண்டார், இதயத்தின் ஒரு பகுதி மீளவில்லை.

மறுவாரம் சேவை மையத்துக்குப் போனேன். புதிய வரைபடம் ஓர் எஸ்.டி. கார்டில் வரும், அந்தக் கார்டு வேறு காரில் வேலை செய்யாது, விலை பன்னிரண்டாயிரம் என்றார்கள். "இந்த வரைபடத்தின் தகவல்கள் எந்த ஆண்டு திரட்டப்பட்டவை?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "அந்தப் புறவழிச்சாலை இதில் இருக்கிறதா?" "போட்டுப் பார்த்தாத்தான் சார் தெரியும்." "இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?" அந்த இளைஞர் சிரித்தார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. கால் கிலோ கடுகு வாங்கினால்கூடப் பொட்டலத்தில் அடைத்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கிறது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் இராது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். மலைபடுகடாத்தில், நன்னனிடம் பரிசு பெற்று வரும் கூத்தன் எதிர்ப்படும் வறிய கூத்தனுக்கு வழி சொல்கிறான். எங்கே விருந்து கிடைக்கும் என்பதோடு அவன் நிறுத்துவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழி எங்கே, காவலர் வீசும் கவண்கல் எங்கே பாயும், வழுக்கும் பாறை எது என்றெல்லாம் எச்சரிக்கிறான். நடந்து வந்தவன் சொல் அது. சிறுபாணாற்றுப்படையின் பாணன் தேடிப்போன கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. நம் கருவிகள் அதே நிலத்தின் சாலைகளைத்தான் இன்று தவறவிடுகின்றன. ஆற்றுப்படுத்துவோன் கூலி கேட்கவில்லை என்பதை வைத்து நான் வாதாடப்போவதில்லை. அது இலக்கிய மரபு, வணிகம் வேறு. ஆனால் சொல்பவன் அண்மையில் அவ்வழியே வந்தவனாக இருக்க வேண்டும் என்ற அடிப்படை, பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சரக்கிலும் இருக்க வேண்டாமா?

'வரைபடம் திரட்ட எவ்வளவு செலவு தெரியுமா?' என்பார்கள். தெரியும். 1985-இல் கலிபோர்னியாவில் ஈடாக் நிறுவனம் முதன்முதலில் காருக்கான வரைபடத்தை ஒலிநாடாப் பேழைகளில் விற்றபோதே (பசிபிக் தீவுக் கடலோடிகளின் வழியறியும் முறையொன்றின் பெயர் அது) ஒரு பகுதிக்கு ஒரு பேழை போதாது. நாவ்டெக் நிறுவனத்தை நோக்கியா 2008-இல் ஏறத்தாழ 810 கோடி டாலருக்கு வாங்கிற்று. பின்பு ஹியர் என்று பெயர் மாறிய அதனை 2015-இல் ஆடி, பி.எம்.டபிள்யூ., டைம்லர் ஆகிய மூன்றும் கூட்டாக 280 கோடி யூரோவுக்கு வாங்கின. வரைபடம் இன்றிக் கார் விற்க முடியாது என்று கார் செய்வோரே ஒப்புக்கொண்ட விலை அது. அப்படியானால் அது எஞ்சினைப் போல், பிரேக்கைப் போல் காரின் உறுப்பு. பிரேக்கில் குறை கண்டால் வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்கிறார்கள். வரைபடத்தில் குறை கண்டால் கடை விரிக்கிறார்கள். இந்தியாவில் நில அளவைத் தகவல்களுக்கு இருந்த அனுமதிக் கெடுபிடிகள் 2021 பிப்ரவரியில் இந்திய நிறுவனங்களுக்குத் தளர்த்தப்பட்டுவிட்டன. அந்தப் பழைய சாக்கும் இனிச் செல்லாது.

பொருளியல் நண்பருக்கும் ஒரு சொல். போன் இருக்கிறதே என்பது முழு விடையன்று. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், கைபேசி வரைபடம் காட்டிய வழியே சென்ற கார், வெள்ளம் ஒருபகுதியை அடித்துச் சென்ற பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். நாள்தோறும் மாறும் வரைபடமும் பொய்க்கும். தவிர, காரோடு பிறந்த கருவிக்குச் சில நன்மைகள் உண்டு. இணையம் தேவையில்லை, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டையூசி வளைவுகளிலும் திரை அணையாது. சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் மறைந்தாலும், சக்கரத்தின் சுழற்சியையும் திருப்பத்தையும் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் கருவிகள் உள. நல்ல கருவியைக் குருடாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதுப்பிக்காவிட்டால் சாலை மட்டுமே பழசாகும் என்று எண்ணற்க. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வாரங்களை எண்ணி அனுப்புகின்றன. 1024 வாரம் ஆனதும் அந்த எண் சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியது. மென்பொருளைக் கவனிக்காமல் விட்ட பழைய கருவிகள் சிலவற்றில் தேதி இருபது ஆண்டு பின்னோக்கிப் போயிற்று.

தனியார் காருக்கு அரசு பதினைந்து ஆண்டுப் பதிவு தருகிறது. சாலை வரியையும் அவ்வளவு காலத்துக்கு முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. அந்தப் பதினைந்து ஆண்டும் வரைபடத்தைப் புதுப்பித்துத் தருவது செய்தவன் கடமை என்று ஒரு விதி வேண்டும். முடியாதென்றால் பூட்டைத் திறந்துவிடட்டும். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். எவரும் இறக்கிப் பயன்படுத்தலாம். அதை என் காரின் திரையில் ஏற்ற எனக்கு உரிமை இருக்க வேண்டும். கார் என்னுடையதுதானே? இவ்விரண்டில் ஒன்று கிடைக்கும்வரை அந்தக் கார்டுக்குப் பணம் கொடுப்பதில்லை என்பது என் முடிவு. இயற்பியல் நண்பர் இதைக் கஞ்சத்தனம் என்கிறார். பன்னிரண்டாயிரம் எனக்குச் சிறிய தொகையன்று என்பதை நான் மறைக்கவில்லை.

இப்போது மகளின் பழைய கைபேசி டேஷ்போர்டில் இருக்கிறது. அதில் தமிழ்நாடு முழுவதையும் இறக்கி வைத்திருக்கிறேன், அலைவரிசை வேண்டாம். இரவொன்று உட்கார்ந்து, மூடிய அந்த மருத்துவமனையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து நீக்கினேன். தேநீர்க் கடைக்காரர் எங்களைக் கூட்டிச்சென்ற மருத்துவமனை அதில் இல்லை. அதையும், அதற்குப் போகும் வாய்க்கால் கரைச் சாலையையும் சேர்த்தேன். சாலையின் பெயர் தெரியாமல் அவருக்கே தொலைபேசினேன். காரின் சொந்தத் திரையை அணைப்பதற்கு வழியில்லை. போன ஞாயிறு அந்தப் பக்கம் போனபோதும், "இயன்றால் திரும்பிச் செல்லவும்" என்றே சொல்லிக்கொண்டு வந்தது.