எழுவானில் ஒரு பொய் ஞாயிறு

மட்டக்களப்பு மக்கள் தம் நிலத்துக்கு ஒளியைக் கொண்டே பெயரிட்டவர்கள். வாவிக்குக் கிழக்கே, கடலை அடுத்துக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே, வயலும் காடுமாய் விரியும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. அங்கு பிறந்தவனுக்குத் திசை சொல்லக் கருவி வேண்டியதில்லை. கரையின் பெயரே போதும். ஒளியின் திசையை அறிவதே ஒளிப்படக் கலையின் முதற்பாடமாயின், அப்பாடத்தை இந்நிலம் தன் மொழியிலேயே எழுதி வைத்திருக்கின்றது.

இந்தப் பாடத்தை இன்று அழித்தெழுதுவது எவ்வளவு எளிது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். 2020 இல் போட்டோஷொப் மென்பொருளில் வானத்தை மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது. படத்தில் எது வானம் என்பதைக் கணினியே கண்டுபிடிக்கும். அதனை நீக்கி, சேமித்து வைத்த வேறொரு வானத்தை அவ்விடத்திற் பொருத்தும். அதற்கு எழுவான் எது, படுவான் எது என்பது தெரியாது. பாலமீன்மடுவில் பிற்பகலில் எடுத்த படமொன்றில், தோணியின் நிழல் கடலை நோக்கி நீண்டு கிடக்க, அதே கடலின் மேல் செஞ்ஞாயிறு ஒன்றையும் அது ஏற்றிவிடும். ஒரே படத்தில் இரண்டு ஞாயிறுகள்! நிழலைத் தந்த ஞாயிறு மெய். கண்ணுக்குத் தெரியும் ஞாயிறு பொய். பார்ப்போர் புகழ்வது எதனை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விடத்து இரு சாரார் எழுந்து வாதிடுவர். ஒரு சாரார், “படத்தைத் தொடவே கூடாது, கமரா கண்டதே உண்மை” என்பர். மறு சாரார், “இது கலை, கலைஞனுக்கு எதுவும் தகும்” என்பர். எதிரெதிரே நிற்பதாகத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒரே பிழையின் இரு முகங்களாகும்.

முதற் கூற்றை முதலில் நோக்குவோம். கமரா கண்டது என்று ஒன்று தனியே இருக்கின்றதா? 1850 களில் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் குஸ்தாவ் லெ கிறே கடற்காட்சிகளை எடுத்தபோது, அக்காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக இணங்கியமையால் வானம் வெறும் வெளிறலாயிற்று. எனவே அவர் கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு நெகற்றிவ்களை எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டார். ஆகவே படத்திருத்தம் கணினியோடு பிறந்ததன்று. ஏறக்குறைய ஒளிப்படத்தின் வயதே அதற்கும் உண்டு. இன்றைய கமராவோ, 14 பிட் மூலக்கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 ஒளிப்படிகளைப் பதியவல்லது. நாம் வழக்கமாகப் பார்க்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. எவற்றை வைப்பது, எவற்றை விடுவது என்பதை யாரேனும் தீர்மானித்தே ஆகவேண்டும். படப்பிடிப்பாளன் தீர்மானியாவிடின் கமராவைச் செய்த பொறியியலாளன் தீர்மானிக்கின்றான். கைத்தொலைபேசியோ ஒரு சொடுக்கில் பல படங்களை எடுத்து, தானே கலந்து, ஒன்றாக்கித் தருகின்றது. திருத்தாத படம் என்று பெருமை பேசுவோர் காட்டுவது தாம் திருத்தாத படத்தையேயன்றி, எவரும் திருத்தாத படத்தையன்று.

இனி மறு கூற்று. இதனை ஆதரிப்போர் லயனல் வெண்டின் பெயரைச் சொல்லக்கூடும். 1900 இல் கொழும்பிற் பிறந்த வெண்ட், சட்டமும் பியானோவும் கற்றவர். 1930 களிலே ஒளிப்படத்தில் முழுமூச்சாக ஈடுபட்டார். இருட்டறையில் அவர் செய்து பாராத சோதனை அரிது. படம் உருத்துலங்கும்போது ஒளியைப் பாய்ச்சி, கருமையும் வெண்மையும் இடம்மாறச் செய்தார். வெவ்வேறு நெகற்றிவ்களை இணைத்து ஒட்டுப்படங்களை உருவாக்கினார். 1944 இல் அவர் மறைந்தார். 1950 இல் அவருடைய படங்கள் நூலாகவும் வெளிவந்தன. ஆயின், வெண்டின் சோதனைப் படமொன்றைக் கண்டு, மனித உடலுக்கு உண்மையாகவே வெள்ளிக்கோடு ஒன்று சுற்றெல்லையாக உண்டு என எவரேனும் நம்பினரா? இல்லை. அவருடைய திருத்தம் படத்தின் மேனியிலேயே தன்னை அறிவித்துக்கொண்டு நிற்கின்றது.

இதற்கு மாறாக, 1982 பெப்ரவரியில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை கீசாவின் பிரமிட்டுகளைக் கணினியால் நெருக்கிவைத்துத் தன் அட்டையில் அச்சிட்டது. அகலப் படத்தை நெடிய அட்டைக்குள் அடக்குவதே நோக்கம். மாற்றம் சிறிது; ஆனால் கண்டனம் பெரிது. காரணம் வெளிப்படை. வாசகர் அந்த அட்டையைக் கலையாக வாங்கவில்லை, சான்றாக வாங்கினர். ஆகவே எவ்வளவு திருத்தப்பட்டது என்பது கேள்வியன்று. எந்த வாக்குறுதியின் பெயரால் காட்டப்பட்டது என்பதே கேள்வி. வாவிக்கரைப் படத்தின் கீழே ஊர்ப்பெயரை எழுதிய கணமே, படப்பிடிப்பாளன் அந்த வாக்குறுதியை அளித்துவிடுகின்றான்.

சுவாமி விபுலாநந்தர் 1947 இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ மூலம், வழக்கிறந்த யாழை மீட்டுருவாக்க முயன்றார். இல்லாத ஒன்றை இருந்ததாகக் காட்டும் பணிதான் அதுவும். ஆனால் அவர் இலக்கியச் சான்றையும் இசைக் கணக்கையும் படிப்போன் முன் விரித்துவைத்தார். உடன்படாதவன் கணக்கைச் சரிபார்க்கலாம். மீளாக்கம் பொய்யாகாது, கணக்கை மறைத்த மீளாக்கமே பொய்யாகும். இம்மண்ணின் அறிஞர் ஒருவர் காட்டிய இந்நெறி, இம்மண்ணின் கமராக்காரருக்குப் பொருந்தாதோ?

பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளரின் இன்னொரு மயக்கம் கருவி மயக்கம். இருவர் சந்தித்தால் பேச்சு படத்தைப் பற்றியதன்று, வில்லையைப் பற்றியது. இவனிடம் 400 மில்லிமீற்றர் எனின் அவனுக்கு 600 வேண்டும். கருவியறிவு இழிவானதன்று. உவர்க்காற்றிலிருந்து கமராவைக் காப்பதும், வில்லையில் பூஞ்சணம் படராமற் பேணுவதும், நீரின் பளபளப்பை அடக்கி அடியிலுள்ள பாசியைக் காட்டும் முனைவாக்கியை அளவறிந்து திருப்புவதும் கற்கவேண்டிய திறன்களே. ஆயினும் தூரவில்லை ஒரு வசதியை ஓசையின்றித் தந்துவிடுகின்றது. வலைவீசுபவனின் அருகிற் செல்லவேண்டிய தேவை இல்லாமற் போகின்றது. அவன் பெயரைக் கேட்கவேண்டியதில்லை. இன்று என்ன பட்டது, இறால் என்ன விலை போனது என்று வினவவேண்டியதில்லை. பொன்னொளியின் முன் கருநிழலாக அவனை நிறுத்தினால் முகமும் வேண்டியதில்லை. வாவியை நம்பி வாழ்பவன் வாவிப் படத்தில் முகமற்றவனாக நிற்பது அழகியலின் வெற்றியா, அக்கறையின் தோல்வியா?

இத்துணை கண்டிப்பு எதற்கு, பொழுதுபோக்குத்தானே எனக் கேட்போருக்கு மட்டக்களப்பின் வரலாறே விடை கூறும். 1978 நவம்பர் 23 ஆந் திகதி வீசிய சூறாவளி கூரைகளோடு வீட்டுப் பெட்டிகளையும் சிதைத்தது. 1983 இலிருந்து 2009 வரை நீண்ட போரில், இடம்பெயர்ந்தோர் சுமந்து செல்லமுடியாதவற்றுள் குடும்பப் படத்தொகுதிகளும் அடங்கும். 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளின் சுவர்களையே விட்டுவைக்கவில்லை. சுவரில் தொங்கிய படங்களை விடுமோ? பழைய படங்களை இவ்வாறு மும்முறை பறிகொடுத்த மண்ணில், தன் மகிழ்ச்சிக்காகக் கமரா தூக்கியவன் அறிந்தோ அறியாமலோ ஆவணக்காப்பாளனாகி விடுகின்றான். 2013 இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் தனியழகு கெடுகின்றதென்று அப்புதிய பாலத்தைப் படத்திலிருந்து துடைப்பவனும், கரையில் ஒதுங்கிய பிளாத்திக்குப் போத்தல்களைத் துடைப்பவனும் எதிர்காலத்தவரின் கண்ணில் மண்ணைத் தூவுகின்றனர். வெட்டுண்ட கண்டல் மரத்தின் அடிக்கட்டையை அழித்துவிட்ட படத்தைக் கொண்டு, கண்டற்காடு அழிந்ததென நாளை எவர் வாதிட முடியும்?

ஆதலால் வேண்டுவன மிகச் சில. கமரா தந்த மூலக்கோப்பை அழியாமற் பேணுக. சேர்த்ததும் நீக்கியதும் உண்டெனின், படத்தின் கீழ் ஒரு வரியில் அதனைச் சொல்லுக. நாளையும் இடத்தையும் குறித்து, உழைப்பவனின் பெயரை அவன் இசைவோடு எழுதுக. அதன் பின்னர் ஒளியைக் கூட்டட்டும், குறைக்கட்டும். வெண்டைப் போல் கருமையை வெண்மையாக்கட்டும். எவரும் தடுக்கப் போவதில்லை. ஞாயிறு கிழக்கே எழும், மேற்கே படும் என்பதை இவ்வூர்ச் சிறுவரும் கரைகளின் பெயரிலிருந்தே அறிவர். அச்சிறுவருக்கு விளங்கும் உண்மையைக்கூடத் தாங்காத படம், எத்துணை விலையுயர்ந்த கமராவிற் பிறந்ததாயினும், மட்டக்களப்பின் படமாகாது.