பூச்சிக் குளிசை சொல்லும் பாடம்

தவணை விடுமுறை தொடங்கும் இரவில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பூச்சிக் குளிசை கிடைக்கும். "இனிப்பைக் குறைச்சிக்க, பூச்சி கூடும்" என்று உம்மம்மா வழமைபோலத் தம்பியை ஏசுவார். மறுநாள் அதைப்பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அருவருப்பாம்.

இந்த மௌனம் சரியில்லை என்பதே என் கருத்து. வட்டப்புழு இனிப்பினால் வருவதில்லை; மண்பட்ட கையிலும் கழுவாத இலைக்கறியிலும் ஒட்டியிருக்கும் முட்டைகள் வாய்வழியே உள்ளே போவதால்தான் வருகிறது. பேசாத விடயத்தில் பிழையான நம்பிக்கைதான் நிலைக்கும்.

உயர்தர உயிரியலில் நரம்புச் செலுத்திகளைப் படிக்கிறோம். நரம்புக்கலத்தின் செய்தியை அடுத்த கலத்துக்கோ தசைக்கோ கொண்டுசெல்லும் இரசாயனப் பொருட்கள் அவை. அசற்றைல்கோலின், காபா, செரட்டோனின், டோபமைன் எனப் பெயர்களை மனனம் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இதே பொருட்கள் குடலில் வாழும் வட்டப்புழுவின் நரம்புத் தொகுதியிலும் உள்ளன என்று வாசித்தபோது நான் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். மனித மூளையில் மட்டும் பல ஆயிரம் கோடி நரம்புக்கலங்கள். அந்தப் புழுவுக்கு மொத்தமே சுமார் 300. படைத்தவன் இரண்டுக்கும் ஒரே பொருட்களைத்தான் கொடுத்திருக்கிறான்.

வட்டப்புழுவுக்குக் குடற்சுவரைப் பற்றிக்கொள்ளக் கொக்கியோ உறிஞ்சியோ இல்லை. குடலின் தள்ளுதலுக்கு எதிராக ஓயாமல் நெளிந்துதான் அது தன் இடத்தைக் காத்துக்கொள்கிறது. நெளிவதற்கு ஒரு பக்கத் தசை சுருங்க, மறுபக்கத் தசை தளர வேண்டும். சுருங்கச் சொல்வது அசற்றைல்கோலின். தளரச் சொல்வது காபா. மருந்து கைவைப்பது இங்கேதான். பைரன்டெல், அசற்றைல்கோலின்போல நடித்துத் தசையை இறுக்கிவிடுகிறது. முன்பு பாணியாகக் கொடுக்கப்பட்ட பிப்பரசீன், காபாபோல நடித்துத் தசையைத் துவளச் செய்கிறது. எப்படியானாலும் நெளிவு நிற்க, குடல் புழுவை வெளியே தள்ளிவிடும்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒன்று இறுக்குவது, மற்றது தளர்த்துவது என்பதால் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். 'இரண்டு மருந்தென்றால் இரட்டைப் பலன்' என்ற நம் வீட்டுக் கணக்கு இங்கே பிழைக்கிறது. மெபெண்டசோல் வேறு வகை. அது நரம்பைத் தொடாமல், புழு குளுக்கோசு பெறுவதைத் தடுத்து மெதுவாகச் சாகடிக்கிறது. காலையில் பூச்சி விழவில்லை என்பதற்காக மருந்தைக் குறைசொல்லி, மறுபடியும் ஒன்றைக் கொடுக்கும் தாய்மாருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கிறோமா? விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைச் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

இம்முறை குளிசைப் பெட்டியில் பைரன்டெல் என்றிருந்தது. தம்பிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப எங்கட தசையும் இறுகிப் போகாதா, தாத்தா?" என்றான். நமது தசையை இயக்குவதும் அசற்றைல்கோலின்தானே! பதில் தெரியாமல் இரண்டு நாள் தேடினேன். பைரன்டெல் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போகிறது. பெரும்பகுதி புழு இருக்கும் இடத்திலேயே தங்கிவிடுகிறது. 2015இல் கம்பலுக்கும் ஓமுராவுக்கும் நோபல் பரிசு பெற்றுக்கொடுத்த ஐவர்மெக்டின் பிடிப்பதோ, புழுக்களில் இருந்து மனிதரில் இல்லாத ஒரு குளுட்டமேற்று வாங்கியை.

உம்மம்மாவிடமும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி மகள், இனிப்பு?" என்றார்.