பாசிட்ரானால் என்ன பயன்?

அடிப்படை இயற்பியல் என்றாலே உடனே வரும் கேள்வி, "இதனால் என்ன பயன்?" பாசிட்ரானைக் கேட்டால் பதில் சொல்லும்.

1928-ல் டிராக் எழுதிய சமன்பாட்டில் எலெக்ட்ரானுக்கு ஓர் எதிர்த்துகள் ஒளிந்திருந்தது. 1932-ல் ஆண்டர்சன் அதைக் காஸ்மிக் கதிர்களில் கண்டுபிடித்தார். அதுதான் பாசிட்ரான். பொருளுக்குள் நுழைந்து எலெக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டுமே அழியும். பெரும்பாலும் இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். பெட் ஸ்கேன் இவற்றைப் பிடித்துத்தான் புற்றுநோயைக் காட்டுகிறது.

ஆனால் அழியுமுன் பாசிட்ரான் எவ்வளவு நேரம் வாழ்ந்தது? வழக்கமான பெட் ஸ்கேன் அதைக் கண்டுகொள்வதில்லை. உலோக ஆய்வாளர்களோ பல்லாண்டுகளாக அதைத்தான் அளக்கிறார்கள். அலுமினியத்தில் சுமார் 160 பிகோ விநாடி. அணு ஒன்று விடுபட்ட காலியிடத்தில் சிக்கினால், அங்கே எலெக்ட்ரான்கள் குறைவு என்பதால், சுமார் 240. (ஒரு பிகோ விநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!)

உடலுக்குள் பாசிட்ரான் சிலசமயம் எலெக்ட்ரானோடு ஜோடி சேர்ந்து கொஞ்சம் வாழும். இந்த ஜோடிதான் பாசிட்ரோனியம். அதன் ஆயுள் சுற்றியுள்ள திசுவைப் பொறுத்து மாறும். போலந்தின் கிராக்கோவ் நகர ஆய்வாளர்கள் அந்த ஆயுளை அளந்து, மூளைக்கட்டி நோயாளி ஒருவரிடம் எடுத்த படத்தை 2024-ல் வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு நோயாளிதான். நாளையே மருத்துவமனைக்கு வந்துவிடாது. ஆனால் உலோகத்தில் ஓட்டை தேடியவர்களிடம் அன்றே "என்ன பயன்?" என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், இந்த முதல் படியும் இருந்திருக்குமா? பயனைக் கேட்கலாம், தப்பில்லை. உடனே பதில் வேண்டும் என்பதுதான் தப்பு.